சத்தமே இல்லாத மெஷின்

ஜனவரி 11

என் சங்குக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்களா? மாப்பிள்ளையின் வயிற்றுப் புண் ஆறியதா?

பட்டறையில் எனக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். மாலை போட்டார்கள், பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்காதே, நல்லதாகத்தான் இருக்கும், எல்லோரும் கை தட்டினார்கள். பரிசாக ஒரு எஸ்பிரெஸ்ஸோ மெஷின் கொடுத்தார்கள். சின்னதுதான், ஆனால் நல்ல இரும்பு. கடையில் விற்கும் காபித்தூளைப் போட்டால் கழுவிய தண்ணீர் மாதிரி ஓடி வருகிறது. பயலுகள் பாதி மெஷினைத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் புரிந்தது. கொட்டையை நாமே அப்போதைக்கப்போது அரைக்க வேண்டுமாம்.

எந்த கிரைண்டர் வாங்கலாம் என்று எழுது. நீ மிக்ஸி, கிரைண்டர் விற்கும் கடையில்தானே இருக்கிறாய். போன் செய்யாதே. போனில் நீ கத்துகிறாய், நான் கத்துகிறேன், கடைசியில் யாராவது ஒருவர் அழுகிறோம். போனில் வரும் பொடி எழுத்தும் என் கண்ணுக்கு ஒத்துவராது. காகிதம்தான் சரி.

வேலை இல்லாமல் கை பரபரக்கிறது. சீக்கிரம் எழுது.

உன் அப்பா

ஜனவரி 24

அன்புள்ள அப்பா,

உங்கள் காகிதம் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு வயிறு சரியாகிவிட்டது, இப்போது வாய்தான் அடங்கவில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, அல்லது பாட்டில் அழகாக இருக்கிறது என்று வைத்துப் பார்க்கிறீர்களா?

எங்கள் கடையில் ரிப்பேருக்கு வரும் மெஷின்களை வாங்கி வைக்கும் கவுண்டரில்தான் இப்போதும் உட்கார்ந்திருக்கிறேன். நாள் முழுக்க ஊரார் மெஷின் சத்தத்தைக் காதில் வாங்குவதுதான் என் பிழைப்பு. அதனால் அனுபவத்தில் சொல்கிறேன். பிளேடு சுற்றும் மெஷின் வேண்டவே வேண்டாம். அது அரைக்காது, கொத்தும். பாதி மாவு, பாதி குருணை. இரண்டு பல் தட்டுகளுக்கு நடுவே கொட்டை நசுங்கி இறங்கும் வகைதான் எஸ்பிரெஸ்ஸோவுக்குச் சரி. அதிலும் ஒரு ஆளுக்குக் கையால் சுற்றும் கிரைண்டர் போதும். இடம் அடைக்காது, அமைதியாக இருக்கும். வாங்கி அனுப்பட்டுமா?

அலமாரி மேல்தட்டில் நான் வைத்துவிட்டு வந்த நீலப் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காது மெஷினை ஒரு தடவையாவது மாட்டிப் பார்த்தீர்களா? சும்மாதான் கேட்டேன்.

அன்புடன்,
உங்கள் மகள்

பிப்ரவரி 19

என் சங்குக்கு,

நலமாக இருக்கிறேன். தைலம் தீர்ந்துவிட்டது, அதனால் தேய்க்கிறேன் என்பது உனக்குப் புரிந்திருக்கும்.

கையால் சுற்றுவதா? முப்பத்தைந்து வருஷம் லேத் பிடியைச் சுற்றிய வலது தோள் இது. இனிமேல் ஒரு காபிக்காகவும் சுற்றாது. என்னைப் பொம்மை வைத்து விளையாடும் ஆள் ஆக்கப் பார்க்கிறாயா?

நானே ஒன்று பிடித்துவிட்டேன். மூடிய காபிக்கடை ஒன்றின் சாமான்களைப் பழைய இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போனான். அதில் ஒரு பெரிய கிரைண்டர், ஒன்றரை முழ உயரம். செத்துக் கிடந்தது. அக்கு அக்காகக் கழற்றினேன். அரைக்கும் தட்டு இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை, முடியளவு ஆடியது. அந்த ஆட்டம் இருந்தால் தூள் ஒரே சீராக எப்படி வரும்? சரி செய்தேன். பேரிங் மாற்றினேன். அடியில் நாலு ரப்பர் கால் இருந்தது, அவற்றைப் பிடுங்கி எறிந்தேன். ரப்பர் இருந்தால் ஆடும், ஆடினால் அளவு மாறும். சமையல் மேடைக் கல்லிலேயே துளை போட்டு போல்ட் வைத்து இறுக்கிவிட்டேன்.

இப்போது அது ஓடுவதே தெரியவில்லை. உள்ளங்கையை மேலே வைத்தால் பூனை முதுகு மாதிரி இருக்கிறது. சத்தமே இல்லை.

முதல் நாள் காலை ஏழு மணிக்குக் காபி போட்டேன். தேன் மாதிரி இறங்கியது. அந்த வாசனைக்கு அடுத்த வீட்டு நர்ஸம்மாவே எழுந்து வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்ப்பவர், தனி ஆள், ஐம்பதுக்கு மேல் இருக்கும். கதவைத் திறந்தேன், ஏதோ சொன்னார். வாசனையைப் பற்றித்தான் இருக்கும். உட்கார வைத்து ஒரு கப் கொடுத்தேன். குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். நல்ல மனுஷி.

உன் அப்பா

மார்ச் 4

அன்புள்ள அப்பா,

நாங்கள் சுகம். உங்கள் காகிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

அந்த வகை கிரைண்டர் எங்கள் கடையிலும் ஒன்று இருந்தது. அதைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஓட்டுவோம். ரப்பர் காலை ஏன் எடுத்தீர்கள்? திரும்பப் போட முடியுமா? காலை ஏழு மணிக்குத்தான் அரைக்க வேண்டுமா, பத்துப் பதினொன்றுக்குக் குடித்தால் ஆகாதா? நர்ஸம்மா மறுபடி வந்தாரா? வந்தால் என்ன சொல்கிறார்? முகம் எப்படி இருக்கிறது?

கேள்விகள் அதிகமாகிவிட்டன, கோபித்துக்கொள்ளாதீர்கள். கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து இப்படி ஆகிவிட்டேன். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, சீக்கிரம் பதில் போடுங்கள்.

நீலப் பெட்டி பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

அன்புடன்,
உங்கள் மகள்

மார்ச் 27

என் சங்குக்கு,

சுகமாக இருக்கிறேன், ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. வீட்டில் இருக்கிற எல்லாத் திருகாணியையும் ஒரு தடவை கழற்றி மாட்டிவிட்டேன்.

உனக்கு ஏன் இத்தனை கேள்வி? ரப்பர் கால் குப்பைக்குப் போய்விட்டது. ஏழு மணிக் காபியை எந்த மனிதனாவது பதினொன்றுக்குக் குடிப்பானா?

நர்ஸம்மா தினமும் வருகிறார். நான் ஸ்விட்சைப் போட்டு முடிப்பதற்குள் வாசலில் நிற்கிறார், தலையெல்லாம் கலைந்து, கண் சிவந்து. பாவம், ராத்திரி முழுக்க நின்ற களைப்பு. முதலில் கையை ஆட்டி ஆட்டி நிறையப் பேசுவார், நான் தலையை ஆட்டிக்கொண்டே கப்பை நீட்டுவேன். இப்போதெல்லாம் பேச்சு குறைந்துவிட்டது, நேரே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். சர்க்கரை போடக் கூடாது என்பதை விரலால் காட்டுவார். உன் அம்மா போன பிறகு அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்ததில்லை, உனக்கே தெரியும்.

இன்னொரு சேதி. இந்தக் கட்டடத்தில் எந்தப் புண்ணியவானோ காலை நேரத்தில் டிரில்லிங் மெஷின் ஓட்டுகிறானாம். சுவர், குழாய் எல்லாம் அதிர்கிறதாம். லிஃப்ட் கதவில் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, இருந்தாலும் அடுத்தவன் தூக்கத்தைக் கெடுப்பது நியாயமா? குடியிருப்போர் சங்கச் செயலாளர் புகார் மனு கொண்டு வந்தார். முதல் கையெழுத்து நான்தான் போட்டேன்.

உன் அப்பா

ஏப்ரல் 6

மதிப்புக்குரிய அம்மா,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. என் அப்பாவின் வீட்டு எண்ணுக்கு அடுத்த எண்ணைப் போட்டு எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும், முக்கியமாக நன்றாகத் தூங்க வேண்டும். அது நடக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

தினமும் காலையில் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வருவது காபிக்காகத்தானா? அப்பாவுக்குக் காது அநேகமாகக் கேட்காது, பட்டறை அதை வாங்கிக்கொண்டது. அதை ஒத்துக்கொள்ளவும் மாட்டார். காது மெஷின் வாங்கிக் கொடுத்ததற்காகவே இரண்டு வருஷம் என்னோடு போனில் பேசவில்லை. தன் மெஷின் சத்தம் போடுவது அவருக்கு உண்மையாகவே தெரியாது. உங்கள் மேல் தப்பான எண்ணம் எதுவும் இல்லை. தயவுசெய்து நடந்ததை எழுதுங்கள்.

வணக்கத்துடன்,
உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் மகள்

ஏப்ரல் 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆசீர்வாதம். நான் நலம் என்று எழுதினால் பொய். சராசரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நினைத்தது சரி. வேலை முடிந்து வந்து தலையணையில் தலை வைப்பேன், சுவருக்கு அந்தப் பக்கம் இடித்துத் தள்ளுவது மாதிரி ஆரம்பிக்கும். முதல் நாள் சண்டை போடத்தான் வந்தேன். கத்தினேன். உங்கள் அப்பா என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என் வேலையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், யாரும் "உட்காருங்க" என்று சொல்வதில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தேன். அதை நீட்டுவதற்குள் கையில் கப் வந்துவிட்டது. அந்தச் சீட்டு இன்னும் என் பையில்தான் இருக்கிறது. காபி நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சத்தம் குழாய் வழியாக எல்லா வீட்டுக்கும் போகிறது, ஆனால் எந்த வீடு என்று யாருக்கும் பிடிபடவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். நான் மனுவில் கையெழுத்துப் போடவில்லை. வாடகைக்கு இருப்பவர் யாராக இருந்தாலும் காலி பண்ண வைப்பேன் என்று செயலாளர் சொல்லிக்கொண்டு திரிகிறார். உங்கள் அப்பாவும் வாடகைதான், நானும் வாடகைதான்.

நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வரவில்லை.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டு நர்ஸ்

மே 5

அன்புள்ள அப்பா,

இங்கே வெயில் கொஞ்சம் அதிகம், மற்றபடி சுகம். உங்களுக்கு முழங்கால், தோள், தூக்கம் எல்லாம் எப்படி?

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். கையால் சுற்றும் கிரைண்டர். திட்டாதீர்கள். பெரிய மெஷினில் தட்டு சூடாகிக் கொட்டையின் வாசனை கொஞ்சம் போய்விடுகிறது என்று எங்கள் கடைக்கு வரும் பெரிய காபிப் பைத்தியங்கள் சொல்கிறார்கள். இதில் சூடே ஏறாது. ருசிக்காகத்தான் அனுப்புகிறேன், வேறு காரணம் இல்லை. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், பெரியதை நிறுத்திவிட்டு இதில் அரைத்துப் பாருங்கள். எனக்காக.

இதற்கு மேல் ஒரு பக்கம் எழுதினேன், கிழித்துப் போட்டுவிட்டேன். கையெழுத்து கோணலாக வந்துவிட்டது.

அன்புடன்,
உங்கள் மகள்

மே 22

என் சங்குக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது, மனசு கொதிக்கிறது. பார்சல் வந்தது. பிரிக்கவில்லை, அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டேன். நீ அனுப்புவதெல்லாம் அங்கேதான் போகிறது என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். என் மெஷினில் சூடு ஏறுகிறதா என்று கை வைத்துப் பார்த்தேன். ஏறவில்லை. உன் பைத்தியங்களிடம் சொல்.

கொதிப்பு அதனால் இல்லை. அந்தச் செயலாளர், டிரில்லிங் ஓட்டுவது நர்ஸம்மாதான் என்று வீடு வீடாகச் சொன்னது போதாதென்று லிஃப்ட் கதவிலும் எழுதி ஒட்டிவிட்டான். காரணம் கேள்: மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்களாம், அவர் மட்டும்தான் போடவில்லையாம்! வீட்டுக்காரரிடம் சொல்லி அவரைக் காலி பண்ண வைக்க ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டிருக்கிறான். ராத்திரி முழுக்க நோயாளியைப் பார்த்துவிட்டு வரும் பொம்பளை காலையில் டிரில்லிங் பண்ணுவாளா? அவர் காலையில் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? என் வீட்டில் இருக்கிறார், என் காபியைக் குடித்துக்கொண்டு! இதைக் கூட்டத்தில் நான் எழுந்து சொல்லப்போகிறேன். விடப்போவதில்லை.

அவர் ஒரு வாரமாகச் சரியாகச் சிரிக்கக்கூட இல்லை. கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்.

கூட்டத்தில் அவன் என்ன சொல்கிறான் என்பது எனக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்க வேண்டும். அதனால் அந்த நீலப் பெட்டியை எடுத்துக் கீழே வைத்திருக்கிறேன். இதைப் பெரிசுபடுத்தி ஒன்றும் எழுதாதே.

உன் அப்பா

மே 26

அப்பா,

நலம் விசாரிக்க நேரமில்லை. உங்கள் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. கூட்டத்துக்குப் போகாதீர்கள். போனாலும் பேசாதீர்கள். நர்ஸம்மாவின் போன் நம்பரை வாங்கி வைக்காத முட்டாள் நான். இது ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்களிடம் வந்து சேருமா என்று தபால்காரரைக் கேட்டேன், உதட்டைப் பிதுக்கினார்.

அந்தச் சத்தம் உங்கள் மெஷின், அப்பா. மார்ச் மாதமே எனக்குத் தெரியும். சொல்லப் பயந்தேன். ஊரார் முன்னால் உங்களுக்குத் தெரியவரக் கூடாது, அதுதான் என் பயமெல்லாம்.

உங்கள் மகள்

ஜூன் 15

என் சங்குக்கு,

உன் கடிதம் கூட்டம் முடிந்து மறுநாள் வந்தது. தபால்காரரைத் திட்டாதே. முன்னால் வந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன், உன் பைத்தியங்களோடு சேர்த்துத் திட்டியிருப்பேன். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அன்று காலை காது மெஷினை மாட்டினேன். முதலில் குழாய் சொட்டுவது கேட்டது. பிறகு ஃபிரிட்ஜ். என் முழங்கால் நடக்கும்போது சொடுக்குகிறது, தெரியுமா உனக்கு? கூட்டத்துக்குப் போகும் முன் தெம்புக்கு ஒரு காபி குடிக்கலாம் என்று ஸ்விட்சைப் போட்டேன்.

ஆரம்பித்துவிட்டான்! எந்தப் பாவியோ காதுக்குள்ளேயே துளை போடுகிறான். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று கிரைண்டரை நிறுத்திவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன். சத்தம் நின்றுவிட்டது. திரும்பி வந்து ஸ்விட்சைப் போட்டேன். மறுபடி ஆரம்பித்தான். மறுபடி நிறுத்தி, மறுபடி ஓடினேன். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். "கேட்டுச்சா? எந்தப் பக்கம்?" என்று அவரிடம் கேட்டேன். அவர் என் கையைப் பார்த்தார். காபிக்கொட்டை பிடித்திருந்த கை.

உள்ளே வந்து மூன்றாவது தடவை ஸ்விட்சைப் போட்டேன். அப்போதும் கையை மேலே வைத்தேன், பூனை முதுகு மாதிரியேதான் இருந்தது. நிறுத்திவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கலைந்த தலை, சிவந்த கண், கையை ஆட்டி ஆட்டிப் பேசியது எல்லாம் வரிசையாக வந்தது. நான் தலையாட்டிக் கப்பை நீட்டியதும் வந்தது. இத்தனை வயதில் வெட்கத்தில் வேர்த்துப் போனேன்.

கூட்டத்துக்குப் போனேன். செயலாளர் நர்ஸம்மாவைப் பார்த்து, "கையெழுத்துப் போடாத ஒரே ஆள் நீங்கதான், அதுக்கு என்ன அர்த்தம்?" என்றான். நான் எழுந்தேன்.

"அதுக்கு அர்த்தம் அவங்களுக்கு ஆள் யாருன்னு தெரியும்கிறது. அந்த ஆள் நான்தான். காலி பண்ணணும்னா என்னைப் பண்ணச் சொல்லுங்க" என்றேன்.

"உங்க கையெழுத்துதான்யா மனுவுல முதல்ல இருக்கு!" என்று அவன் கத்தினான். அப்புறம் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. காலி பண்ண வேண்டியதில்லை, மெஷினை எடுத்துவிட்டால் போதும் என்று முடிவானது. அன்றைக்கே போல்ட்டைக் கழற்றினேன். மேடைக் கல்லில் நாலு ஓட்டை இருக்கிறது, வீட்டுக்காரர் வரும்போது அதன் மேல் தட்டு வைத்து மறைக்கிறேன்.

லிஃப்ட்டுக்குக் காத்து நிற்கும்போது நர்ஸம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பையிலிருந்து கசங்கிய சீட்டு ஒன்றை எடுத்தார், எனக்குக் கொடுக்காமல் கிழித்தார். "நாளைக்குக் காபி உண்டா, இல்லையா?" என்றார். கரகரத்த குரல். நாலு மாசமாக எதிரே உட்கார்ந்திருந்தவரின் குரலை அப்போதுதான் கேட்டேன்.

அதனால் உன் பார்சலைப் பிரிக்க வேண்டியதாயிற்று. கழற்றிப் பார்த்தேன். பேரிங் இரண்டு போட்டிருக்கிறான், தட்டு ஆட்டம் இல்லை, குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இடது கையால் சுற்றுகிறேன். எனக்கு மூச்சு வாங்கினால் அவர் வாங்கிச் சுற்றுகிறார். குடித்துவிட்டுப் போய்த் தூங்குகிறார். நீ எழுதிய மாதிரி ருசியும் கொஞ்சம் கூடத்தான். அதற்காக நீ சொன்ன காரணம் பொய் இல்லை என்று ஆகிவிடாது.

நீ பிறந்த புதிதில் நீ அழுதால் பட்டறைச் சங்கு ஊதிவிட்டது என்று நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவேனாம். உன் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்படி வந்த பெயர்தான் உனக்கு. அதற்குப் பிறகும் நான் உன் குரலைக் கத்தலாகத்தான் கேட்டிருக்கிறேன். தப்பு உன்னுடையது இல்லை, கத்தினால்தான் எனக்குக் கேட்கும். கத்தாமல் பேசினால் என் மகள் குரல் எப்படி இருக்கும் என்று நேற்று நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

காது மெஷின் இப்போது சாப்பாட்டு மேஜை மேல் இருக்கிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்த பிறகு, போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

மெதுவாகப் பேசு.

உன் அப்பா